பாதியில் எழுந்து போகிறவர்

கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சாப்பிடப் போகிற ஒருவரை, பாஜிக்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், கேன்டீனுக்குப் பின்பக்கம் சில சிமெண்டுப் படிகள் உண்டு. மதிய இடைவேளை விட்டதும் பாஜி அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரல்களால் தமிழில் தட்டிக்கொண்டே போவார். உதடு லேசாக அசையும். பக்கத்தில் லாரி வந்து நின்று தோல் கட்டுகளை இறக்கினாலும் நிமிர மாட்டார். பிறகு ஏதோ ஒரு கணத்தில் போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டுப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் அவர் அணைக்கும் முன்பே எட்டிப் பார்த்துவிட்டேன். ‘அவள் கதவைத் திறந்தபோது’ என்பதோடு வரி நின்றிருந்தது.

“பாஜி, கதவத் தெறந்தா. அப்புறம்?”

“அப்புறம் குஸ்கா ஆறிடும். வாங்கண்ணா.”

“அவ யாரப் பாத்தான்னு எழுதாம எப்படி உங்களால சாப்பிட முடியுது?”

“யாரப் பாத்தான்னு எனக்குத் தெரியும். அதான் தைரியமா சாப்பிடப் போறேன். தெரியாத எடத்துல நிறுத்துனாத்தான் பேஜாரு.”

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கதைகளிலும் அந்தப் பெயரையே போட்டுக்கொண்டார். ஆனால் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. செக்கிங் டேபிளில் அவருக்குக் கீழே இருந்த பெண்கள் பாஜி என்றார்கள், அதையே சூப்பர்வைசரும் பிடித்துக்கொண்டார். நான் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை பாஜி என்பேன். உருதுவில் பாஜி என்றாலும் அக்காதான். எங்களில் யார் மூத்தவர் என்பதை இரண்டு பேரும் கடைசிவரை விசாரிக்கவில்லை.

எங்களை நெருக்கமாக்கியது எழுத்து. எனக்கு அப்போது இரண்டு நாவல்கள் வந்திருந்தன. அவருக்குப் பத்திரிகைகளில் சில கதைகள். நியாயமாக நான்தான் அவருக்குச் சொல்லவேண்டியவன். நான் நிறையச் சொல்லவும் செய்தேன். எழுத்து ஒரு வெறி, அதற்கு நேரம் காலம் கிடையாது, குடும்பம் வேலை எல்லாம் அதன் எதிரிகள் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ரசத்தைப் பிசைவார். முடிந்ததும், “ஜாஸ்தி வேணாம்ணா. சாதம் இன்னும் கொஞ்சம் வெச்சிக்கிங்க” என்பார்.

சாப்பிட்ட பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்து மாத்திரை போட்டுக்கொள்வார். எல்லார் கண்ணெதிரிலும்தான். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “சுகரா பாஜி?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. மனசுக்கு.”

பாஜி தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத் தொடர்ந்தார். “சின்னவ பொறந்தப்ப எனக்குத் தூக்கம் போய்ட்ச்சு. அப்புறம் நெறைய ஆய்ட்ச்சு. பாகாயத்துல, மனநல ஆஸ்பத்திரில கொஞ்ச நாள் படுத்திருந்தேன். இப்ப நல்லா இருக்கேன். அந்தத் தயிர இந்தப் பக்கம் தள்ளு.”

அந்தப் பெண் தயிரைத் தள்ளினாள். அன்று மாலையே அவள் பாஜியைத் தனியாகப் பிடித்துத் தன் அக்காவைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

எனக்கு வேறு கேள்வி இருந்தது. படியில் தனியாக இருக்கும்போது கேட்டேன். “இந்த மாதிரி மாத்திரை போட்டா கற்பன மழுங்கிடும்னு சொல்றாங்களே பாஜி?”

“சொன்னவங்க போட்டுப் பாத்தாங்களாமா?”

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

“போடாதப்ப எனக்கு ஒரே நாள்ல நூறு கத வரும்ணா. எல்லாமே பெரிய கத. ஒண்ணையும் உக்காந்து எழுத முடியாது. செவுத்துல பேனாவால கிறுக்கி வெச்சிருந்தேனாம், வூட்டுக்காரரு காமிச்சாரு. எனக்கே படிக்க முடியல. இப்ப ஒரு கததான் வருது. ஆனா அத எழுதிர்றேன்.”

இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தமே இல்லை. சமைக்கத் தெரியாத காலத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கள் வட்டத்தில் ஒரு கவிஞன் இருந்தான். என்னைவிடச் சில வயது சிறியவன். நல்ல கவிதைகள் எழுதினான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. குடித்தான். மஞ்சள் காமாலை வந்தபோதும் குடித்தான். போய்விட்டான். வேலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கு நினைவுக் கூட்டம் வைத்தோம். பாஜி ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்துச் சின்ன மகளோடு வந்திருந்தார்.

பேசியவர்கள் எல்லோரும் உருகினார்கள். கவிதைக்காகத் தன்னையே எரித்துக்கொண்டவன் என்றார் ஒருவர். சாதாரண வாழ்க்கைக்குத் தன்னை விற்க மறுத்தவன் என்றார் இன்னொருவர். நானும் அப்படித்தான் ஏதோ பேசினேன், கைதட்டினார்கள். அவனுடைய மனைவி கடைசி வரிசையில், மடியில் பையனைத் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பேசச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பாஜியை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடிக்காமலே பேசினார்.

“அவரு எழுதுனது ரொம்ப நல்லா இருந்துச்சு. அவரு செத்தது நல்லா இல்ல. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து பேசாதீங்க. செத்ததுனால ஒரு கவித கூட ஜாஸ்தி ஆவல. இன்னும் நாப்பது வருஷம் எழுதிருப்பாரு. அதெல்லாம் நமக்கு இல்லாமப் போச்சு.”

இவ்வளவுதான். வந்து உட்கார்ந்து மகளின் தலையைத் தடவினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மூத்த எழுத்தாளர் ஒருவர் எழுந்து, இலக்கியம் இன்னதென்று தெரியாதவர்கள் இரங்கல் கூட்டத்தில் அமைதி காப்பது நல்லது என்று சுத்தத் தமிழில் சொன்னார். எனக்கே பாஜிமேல் கோபம். இந்த இடத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா?

கூட்டம் கலைந்தபோது கவிஞனின் மனைவி பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக பாஜியிடம் வந்தார். “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார். “ஆம்பூரு” என்றார் பாஜி. அவர் தலையாட்டிவிட்டு பாஜியின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாஜியோடு நடந்து போனேன்.

“பயமா இருந்துச்சுண்ணா. ஆனா உள்ள நொழஞ்சதுலேந்து அந்தம்மா மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். அவங்க வூட்டுக்காரரு செத்ததுக்கு எல்லாரும் கை தட்டுறாங்க. எப்படி இருக்கும்?”

அந்த வாரம்தான் நான் வேலையை விடுவதாகக் கம்பெனியில் எழுதிக் கொடுத்திருந்தேன். என் மூன்றாவது நாவலுக்கு முழு நேரத்தையும் கொடுத்துவிடுவது என்று முடிவு. என் மனைவி பள்ளி ஆசிரியை, வீட்டுக்கு அவள் சம்பளம் போதும் என்று அவளே சொல்லியிருந்தாள். பாஜியிடம் அன்று அதைச் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. “நல்லா வரணும்ணா” என்றார். பஸ் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டார்: “வெளியெல்லாம் போவீங்க இல்ல?” அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை.

முதல் மாதம் சொர்க்கமாக இருந்தது. பிறகு நான் எழுதும் அறையை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டேன். நாவல் நான்கு கிளையாக விரிந்தது. மனைவி வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடியபடியே இருக்கும். டீயும் பன்னும் போதும் என்றிருந்தேன். கழுத்திலிருந்து தோள்வரை ஒரு வலி இறங்கியது. நண்பர்கள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். மகள் பள்ளியிலிருந்து வந்து பேசினால் எரிந்து விழுந்தேன். அது எழுதுகிறவனுக்கு உரிய லட்சணம் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. ஒரு காலை குளியலறையிலிருந்து வெளியே வரும்போது தலை சுற்றி, கதவோடு சரிந்து விழுந்தேன். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது, சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அடுத்த ஞாயிறு பாஜியும் அவர் கணவரும் பார்க்க வந்தார்கள். கணவர் ஒரு தோல் தொழிற்சாலையில் டெக்னீசியன். அதிகம் பேச மாட்டார், பேசும்போது சிரிப்பு வரும்படி பேசுவார். அவர் என் மகளோடு கேரம் ஆட உட்கார்ந்துவிட்டார். பாஜி என்னிடம் நாவலைப் படித்துக் காட்டச் சொன்னார். கடைசியாக எழுதிய பகுதியிலிருந்து படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா இருக்கு என்று சொல்வார் என்று எதிர்பார்த்து நிறுத்தினேன்.

“அண்ணா, இதுல வர்ற ஆளுங்க யாரும் ஏன் வூட்ட உட்டு வெளிய போவ மாட்டேன்றாங்க?”

“என்ன?”

“ஒருத்தரும் சாப்பிடல. ஒருத்தரும் கடைக்குப் போவல. மழ பெய்யல. எல்லாரும் ரூமுக்குள்ளயே உக்காந்து யோசிச்சிட்டே இருக்காங்க. மொதல்ல நீங்க படிச்சுக் காட்டுனப்ப சந்தையெல்லாம் வந்துச்சே? அந்த ஆட்டுக்காரன் எங்க போய்ட்டான்?”

அடுக்களை வாசலில் நின்றிருந்த என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். பாதி நாவலுக்கு மேல் யாரும் கதவைத் தாண்டவில்லை. நான் தாண்டாத நாளிலிருந்து அவர்களும் தாண்டவில்லை.

காட்பாடியில் ஒரு பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள அரை நாள் வேலை கிடைத்தது. அதில் சேர்ந்தேன். காலையில் நடந்துவிட்டு வந்து எழுதினேன், பிறகு குளித்துச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போனேன். தோற்றுப் போனதாகத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் நூலகத்தில் ஒரு நாள் இரண்டு சிறுமிகள் ஒரே புத்தகத்துக்காக ரகசியக் குரலில் சண்டை போட்டதைக் கேட்டேன். அடுத்த நாள் காலை அந்தச் சண்டை அப்படியே நாவலுக்குள் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆட்டுக்காரனும் வந்தான்.

பாஜியைப் பற்றி இப்படியெல்லாம் சொல்லும்போது, அவருக்கு எல்லாம் சுலபமாக வந்ததுபோலத் தோன்றலாம். அப்படி இல்லை. நிறுத்துவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்தேன்.

அவர் முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தார். கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிக்கு வரும் ஒரு பஸ். அதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிற பெண்களின் கதை. இரண்டு அத்தியாயங்களைப் படித்த சென்னைப் பதிப்பாளர் ஒருவர், ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கே கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லி விளம்பரமும் செய்துவிட்டார். பெரிய பதிப்பகம். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் போன் செய்தார். வேகவேகமாகப் பேசினார். புதிதாக ஐந்து பெண்கள் பஸ்ஸில் ஏறியிருப்பதாகவும், ஒவ்வொருத்திக்கும் தனி நாவலே எழுதலாம் என்றும் சொன்னார். நானும் உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அவரே நிறுத்திவிட்டார்.

“அண்ணா, நான் தூங்கி நாளாச்சு. நல்லா எழுத வருது. ரொம்ப நல்லா வருது. அதான் பயமா இருக்கு. இது எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ‘நல்லா’.”

மறுநாளே கணவரோடு பாகாயத்துக்கு வந்து டாக்டரைப் பார்த்தார். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உட்கார்ந்ததும், “இங்கியே பதிப்பாளர்கிட்ட பேசிர்றேன். வூட்டுக்குப் போனா மனசு மாறிடும்” என்று போனை எடுத்தார்.

“மாமியாருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க பாஜி” என்றேன் நான். “அவரும் கோச்சிக்க மாட்டாரு.”

“எனக்கே ஒடம்பு சரியில்ல. பாவம், அவங்கள எதுக்கு இழுக்கணும்?”

பதிப்பாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். தனக்கு இருக்கும் நோயின் பெயரையும் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“மேடம், அட்டை அச்சுக்குப் போயாச்சு. ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, அப்புறம் எவ்வளவு வேணா ரெஸ்ட் எடுங்க.”

“அந்த ஒரு மாசம்தான் சார் என்னால முடியாது.”

“அடுத்த வருஷம் எடம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாதுங்க.”

“சரிங்க சார். உங்க நெலம புரியுது. மன்னிச்சிக்கோங்க.”

போனை வைத்துவிட்டு அழுதார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல், குழந்தை அழுவதுபோலத் தேம்பித் தேம்பி அழுதார். என் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இத்தனை நாள் உழைப்பு இப்படி ஒரு போனில் போய்விட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கணவர் மெதுவாக உருதுவில் ஏதோ சொன்னார். பாஜி அழுகைக்கு நடுவே களுக்கென்று சிரித்துவிட்டார்.

“இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள் என் மனைவி.

“அந்த பஸ்ல வர்ற பொம்பளைங்க பாவம், ஒரு மாசமா எறங்கவே உடாம ஓட்டிட்டிருந்தேனாம். இப்பவாவது எறங்கி டீ குடிக்கட்டும்ன்றாரு.”

அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். பாஜி இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பல வாரங்கள் நாவலைத் தொடவில்லை. வேலைக்குப் போனார், மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தபடி போட்டுக்கொண்டார், தூங்கினார். லீவு நாளில் பிள்ளைகளை அமிர்திக்குக் கூட்டிக்கொண்டு போய் அருவியில் நனைய விட்டு, தானும் புடவையோடு நனைந்து வந்ததாகச் சொன்னார். எழுத்தாளர்கள் மத்தியில் அவர் வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டதாகப் பேச்சு வந்தது. ஒழுங்காகத் தூங்குவதற்காக நாவலை விட்டவர் என்று கிண்டல் கூடச் செய்தார்கள். பாஜி காதில் விழுந்தபோது, “சரியாத்தான சொல்றாங்க” என்றார்.

திரும்ப எழுத ஆரம்பித்தபோது பழைய இடத்திலிருந்தே ஆரம்பித்தார். நாவல் எந்தக் கண்காட்சியையும் பார்க்காமல் ஒரு சாதாரண ஆனி மாதத்தில், சின்னப் பதிப்பகம் ஒன்றிலிருந்து வந்தது. ஆம்பூரில் கல்யாண மண்டபத்தின் மாடியில் வெளியீடு. செக்கிங் டேபிள் பெண்கள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, சொந்தக்காரி கல்யாணத்துக்கு வருவதுபோல வந்திருந்தார்கள். அன்றைய கூட்டத்தில் அவர்களில் ஒருத்தி எழுந்து, மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுகிற பெண் தான்தான் என்றாள். இன்னொருத்தி இல்லை, அது நான்தான் என்றாள். பாஜி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

எல்லாம் முடிந்த பிறகு கேட்டேன். “அந்த மழைக்காலத்துல தூங்காம எழுதுனதெல்லாம் இன்னா ஆச்சு பாஜி?”

“ஒரு பக்கம் நல்லா இருந்துச்சு. அத வெச்சிக்கிட்டேன். மிச்சத்த அழிச்சிட்டேன்.”

“எது அந்தப் பக்கம்?”

சொன்னார். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. மனதில் வந்ததைக் கேட்டுவிட்டேன். “அதுமாதிரி இன்னொரு பக்கம் கெடைக்கும்னா, மறுபடியும் அப்படி ஆக ஒத்துக்குவீங்களா?”

“அரே! அந்தப் பக்கத்த வேணா திருப்பிக் குடுத்துர்றேன்” என்று சொல்லிவிட்டு, யாருக்கோ நாற்காலி எடுத்துப்போடப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் அவர் கணவருக்கு எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் நல்ல வேலை வந்தது. குடும்பத்தோடு அடிஸ் அபாபாவுக்குப் போய்விட்டார்கள். என் மூன்றாவது நாவல் வெளியானபோது அவர் இங்கே இல்லை. நான்காவதைப் பாதி எழுதிவிட்டேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மகள் என்னோடு காலையில் நடக்க வருகிறாள். பாஜியோடு எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வதோடு சரி.

போன மாதம் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் பெண்கள் பேசும் சத்தமும் எதையோ இடிக்கும் சத்தமும் கேட்டன.

“அண்ணா, இங்க பக்கத்து வூட்டம்மா காபி குடிக்கக் கூப்டாங்க. ஒரு கப் குடிச்சிட்டு வந்து எழுத உக்காரலாம்னு போனேன். பச்சக் கொட்டையக் கழுவி, வறுத்து, இடிச்சு, பொறுமையா போடுறாங்க. குடிச்சிட்டு எழுந்தா கையப் புடிச்சு உக்கார வெச்சிட்டாங்க. மூணு வாட்டி குடிக்கணுமாம், நடுவுல எழுந்து போனா தப்பாம். எழுதலாம்னு வெச்சிருந்த நேரமெல்லாம் போய்ட்ச்சு. அந்த மூணாவது வாட்டிக்குப் பேரு இன்னா தெரியுமா? பரக்கா! நம்ம பர்கத்துதாண்ணா. அதான் ஆசீர்வாதம். இவ்ளோ தூரம் வந்து அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்ச்சு. அந்தம்மா பயந்துபோய் நாலாவது கப்ப ஊத்திட்டாங்க.”

அப்புறம் நிறையப் பேர் சிரிக்கும் சத்தம். அதோடு செய்தி முடிந்தது.

‘நாவல் என்ன ஆச்சு?’ என்று கேட்டு அனுப்பினேன். உடனே பதில் வரவில்லை. மறுநாள் நான் நடந்துவிட்டு வந்து எழுத உட்காரும்போதுதான் வந்தது.

“ஓடுதுண்ணா. இன்னிக்கு அந்தம்மா அதுல வந்து உக்காந்துட்டாங்க. இன்னும் எழுந்திருக்கல.”